செல்லுக்குள் ஒரு முக்கூடல்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், வாலாஜாபாத் தாண்டி, பழையசீவரத்தில் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். ஊர்ப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. ஆண்டில் பல மாதங்கள் அங்கே மணல்தான் ஆறு. கரையில் வேங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுற்றுச் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஏறக்குறைய 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வரி வரியாக ஓடுகிறது.

அந்தக் கல்லில் இருப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதக் கல்லூரியும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும் நடந்துவந்தன. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. 15 நோயாளிகள் தங்க இடம். ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் மருத்துவர். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் சுமக்க ஒருவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, ஓராண்டுக்கு என்னென்ன மருந்து இருப்பு வைக்க வேண்டும், இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாணவர்கள் சனிக்கிழமை தலைமுழுகுவதற்கான எண்ணெய்கூடக் கணக்கில் விடுபடவில்லை.

நோயாளிக்கான உணவு ஒரே வரியில் முடிகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. 15 பேருக்கு 15 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி ஆகையால், ஒரு குறுணி ஏழு நாழி.

கோயில் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. அரிசி வெந்து, சோறாகி, நோயாளியின் இலைக்கு வந்த பிறகு அதற்கு என்ன ஆனது என்பதை எழுத வேண்டிய தேவை ஓலை எழுதிய அதிகாரிகளுக்கு இல்லை. ஆனால் அந்த இடத்தில் இன்னொரு கணக்குப்பிள்ளை பொறுப்பேற்கிறான். அவன் ஒரு புரதம். அவன் பெயர் ஹெக்சோகைனேஸ். உடலுக்குள் வரும் சர்க்கரையில் செல் பயன்படுத்தும் ஒவ்வொரு மூலக்கூறையும் கையில் வாங்கி, முத்திரை குத்தி, உள்ளே அனுப்புகிறவன். அந்த ஒரு நாழி அரிசியின் பின்னால் போய் அவனைச் சந்திப்பதுதான் இந்த அத்தியாயம்.

பாவில் பசை, வயிற்றில் சர்க்கரை

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் விடிகாலையில் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திவிடுவார்கள். கஞ்சி காய்ந்ததும் இழை விறைப்பாகும். தறியில் உராய்ந்தாலும் பிசிறு எழாது, அறுந்து போகாது.

அதே அரிசியைத்தான் நோயாளியும் உண்டார். இழைமேல் போனது இழைமேலேயே பசையாக நின்றுவிடுகிறது. வயிற்றுக்குள் போனது சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரையாக ஓடுகிறது. இரண்டும் ஒரே மாவுச்சத்துதான். குளுக்கோஸ் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் மணிமணியாகக் கோத்த மாலை அது. பாவின்மேல் அந்த மாலையை அறுக்க யாரும் இல்லை. நம் வாயிலோ அமைலேஸ் என்ற நொதி எச்சிலோடு ஊறிக் காத்திருக்கிறது. வெறும் சோற்றை இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் இனிப்புத் தட்டுவது அதனால்தான். மிச்ச வேலையைக் கணையத்திலிருந்து வரும் அமைலேசும் குடல் சுவரிலுள்ள நொதிகளும் முடிக்கின்றன. ஜவுளி ஆலைகளிலும் நெய்து முடித்த துணியிலிருந்து கஞ்சியை நீக்க இதே அமைலேசைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

'நொதி' என்ற சொல்லே நொதித்தலிலிருந்து வந்தது. மாவு புளிப்பதும் கள் பொங்குவதும் உயிருள்ள ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் செய்கிற வேலை என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரும் நினைத்தார்கள். 1897-இல் எடுவர்ட் பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரில்லாத சாற்றை எடுத்தார். அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டபோதும் அது நொதித்தது. செல் செத்தாலும் அதன் கருவிகள் வேலை செய்கின்றன என்று அன்று தெரிந்தது. 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிர் வேதியியல் என்ற துறைக்குக் கதவு திறந்தது இந்தச் சாறுதான்.

கதவு இருபக்கமும் திறக்கும்

100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. அதே நேரத்தில், ஐந்து லிட்டர் இரத்தத்தில் எந்த நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் ஐந்து கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி! ஒரு தட்டுச் சோறு இறக்கும் சர்க்கரை முழுவதும் இரத்தத்திலேயே தங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அது உடனுக்குடன் செல்களுக்குள் போயாக வேண்டும்.

செல்லின் சவ்வில் குளுக்கோசுக்கென்று கதவுகள் இருக்கின்றன. பெரும்பாலான செல்களில் அவை இருபக்கமும் திறக்கும் கதவுகள். வெளியே சர்க்கரை அதிகமிருந்தால் உள்ளே வரும். உள்ளே அதிகமானால் வெளியே போய்விடும். காவல் இல்லாத சத்திரம் போல. யாரும் ஒன்றும் செய்யாவிட்டால், உள்ளே வந்த குளுக்கோஸ் வந்த வழியே திரும்பிப் போகும்.

அங்கேதான் ஹெக்சோகைனேஸ் நிற்கிறது. உள்ளே காலடி வைக்கும் குளுக்கோசைப் பிடித்து, அதன் ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. மின்னூட்டம் ஏறியது எதுவும் கொழுப்பாலான சவ்வை எளிதில் கடக்க முடியாது. குளுக்கோசுக்காக வைத்த கதவும் அதை அடையாளம் கண்டு திறக்காது. முத்திரை விழுந்த கணத்தில் அந்தச் சர்க்கரை செல்லுக்குச் சொந்தமாகிவிடுகிறது. இப்போது அதன் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்.

இதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. உள்ளே வந்த ஒவ்வொன்றும் முத்திரை பெற்று வேறு பொருளாகிவிடுவதால், செல்லுக்குள் வெறும் குளுக்கோஸ் எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆகவே வெளியிலிருந்து மேலும் மேலும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சர்க்கரையை உள்ளே இழுப்பது கதவில்லை, முத்திரைதான்.

உள்ளங்கை மூடுவது போல

இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்டப்போகும் பாஸ்பேட் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. அது செல்லின் செலவுக் காசு. பாஸ்பேட்டை வாங்கிக்கொள்ள வேண்டியது குளுக்கோசில் உள்ள ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கை. ஆனால் தண்ணீரிலும் அதே போன்ற கை உண்டு. செல்லெங்கும் தண்ணீர்தான். ஒரு குளுக்கோசைச் சுற்றி எண்ணற்ற தண்ணீர் மூலக்கூறுகள். பாஸ்பேட் தவறித் தண்ணீருக்குப் போனால் காசு வீண்.

நொதிக்குப் பொருளை அடையாளம் தெரிவது எப்படி என்பதற்கு 1894-இல் எமில் ஃபிஷர் ஒரு விளக்கம் சொன்னார்: பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல. ஆனால் இது ஹெக்சோகைனேசின் நடத்தையை விளக்கவில்லை. குளுக்கோஸ் நுழையும் பூட்டுக்குள் அதைவிடச் சிறிய தண்ணீர் நுழையாமலா இருக்கும்? 1958-இல் டேனியல் காஷ்லண்ட், நொதி இறுகிய பூட்டு அல்ல, பொருள் வந்ததும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்றார். 1978-இல் தாமஸ் ஸ்டைட்ஸும் அவர் குழுவினரும் ஈஸ்டின் ஹெக்சோகைனேசைப் படிகமாக்கி எக்ஸ்ரே செலுத்தியபோது அது கண்ணெதிரே தெரிந்தது.

உங்கள் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் ஒரு பக்கமுமாக வையுங்கள். ஹெக்சோகைனேஸ் அப்படித்தான் இரண்டு மடல்களாக, நடுவே ஆழமான பிளவோடு திறந்திருக்கிறது. ஒரு குளுக்கோஸ் அந்தப் பிளவில் வந்து அமர்ந்ததும் ஒரு மடல் ஏறக்குறைய 12 டிகிரி திரும்பி மூடுகிறது. உள்ளே இருந்த தண்ணீர் பிழிந்து வெளியேற்றப்படுகிறது. ஏடிபியின் பாஸ்பேட்டுக்கு எதிரே இப்போது குளுக்கோசின் கை மட்டும்தான் இருக்கிறது. பாஸ்பேட் மாறுகிறது, கை திறக்கிறது, முத்திரை பெற்ற சர்க்கரை வெளியே போகிறது. தண்ணீர் தனியாக உள்ளே வந்தால் கையை மூடவைக்கும் அளவுக்குப் பிடிமானம் அதற்கு இல்லை. காசு மிச்சம்.

இதே ஸ்டைட்ஸ் பிற்பாடு ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். அவரோடு அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஆடா யோனத்தும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும். தமிழ்நாட்டோடு இன்னொரு தொடர்பு இன்னும் நெருக்கமானது. ஒரு புரதத்தின் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் கண்டறிந்தவர்கள், அதைச் சரியாக வரைந்திருக்கிறார்களா என்று சோதிக்க இன்றும் எடுத்துப் பார்ப்பது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1963-இல் வெளியிட்டது அது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்கினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை அது காட்டுகிறது. ஹெக்சோகைனேசின் மடலும் அந்த எல்லைக்குள்தான் திரும்ப முடியும்.

முதல் போட்டவர் யார்?

முத்திரைக்கான பாஸ்பேட்டைத் தரும் ஏடிபியின் கதையிலும் சென்னை இருக்கிறது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் அன்றைய மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது அறுவைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தகுதிதான் கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்தார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறி, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் முதலில் செய்தது ஓர் அளவை. இரத்தத்திலும் திசுவிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று எளிதாக அளப்பதற்கு வழி. மாதிரியோடு மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தியான நீலம். 1925-இல் வெளிவந்த இந்த ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையைத் தலைமுறை தலைமுறையாக உயிர் வேதியியல் மாணவர்கள் கற்றிருக்கிறார்கள். சோதனைக் குழாயில் அந்த நீலம் மெல்ல ஊறி வருவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

அந்த நீலம்தான் வழி காட்டியது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் நிறம் எதிர்பார்த்ததைவிட மெதுவாக, நேரம் ஆக ஆக ஏறியது. ஏதோ ஒரு பொருள் சிதைந்து பாஸ்பேட்டை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப்போய் 1927-இல் பாஸ்போகிரியேட்டினைக் கண்டார்கள். 1929-இல் ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள்; அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். தசையின் ஆற்றல் பாஸ்பேட்டில் இருக்கிறது என்ற புரிதல் இந்தப் பாதையில்தான் வந்தது.

ஹெக்சோகைனேஸ் செய்வதை இப்போது காசுக் கணக்கில் சொல்லலாம். ஒரு குளுக்கோசுக்கு முத்திரை குத்த ஒரு ஏடிபி செலவு. அடுத்து இரண்டு படி தள்ளி இன்னொரு ஏடிபி செலவு. பத்துப் படிகள் கொண்ட இந்தப் பாதையின் முடிவில் நான்கு ஏடிபி கிடைக்கிறது. நிகர லாபம் இரண்டு. மிச்சத்தை மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பில் ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் மொத்தம் ஏறக்குறைய 30 ஏடிபி. கையிலிருந்து முதல் போடாமல் எந்த உயிரும் சர்க்கரையில் லாபம் பார்ப்பதில்லை. நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி சில பத்து கிராம்கள்தான். அதே காசு திரும்பத் திரும்பச் சுழன்று, ஒரு நாளில் நம் உடல் எடைக்கு ஈடான அளவு கைமாறுகிறது.

வரதராசப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலைக் குடலையில் வேகும் காஞ்சிபுரம் இட்லியின் மாவு புளிக்கும்போதும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் குளுக்கோசை எடுத்ததும் செய்யும் முதல் வேலை பாஸ்பேட் ஒட்டுவதுதான். செலவழித்துச் சம்பாதிப்பது அவற்றுக்கும் விதி.

மூன்று வரவு, மூன்று செலவு

முத்திரை பெற்ற குளுக்கோஸ்-6-பாஸ்பேட் வந்து நிற்கிற இடத்தை நான் செல்லின் திருமுக்கூடல் என்று சொல்வேன். ஊரில் மூன்று ஆறுகள் கூடுவது போல, கல்லீரல் செல்லில் மூன்று வழியாக இந்தப் பொருள் வந்து சேர்கிறது. இரத்தத்திலிருந்து வந்து முத்திரை பெற்றது ஒன்று. கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்த சர்க்கரையை உடைத்து எடுப்பது இரண்டாவது. பட்டினி கிடக்கும்போது புரதத்தின் துண்டுகளிலிருந்தும் லாக்டிக் அமிலத்திலிருந்தும் புதிதாகக் கட்டுவது மூன்றாவது.

வந்தது பிரிந்து போகும் வாய்க்கால்களும் மூன்று. உடனே ஆற்றல் வேண்டுமானால், மேலே சொன்ன பத்துப் படிப் பாதை. இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்றால் கிளைகோஜனாகச் சேமிப்பு; கல்லீரலில் 100 கிராம் அளவும், தசைகள் எல்லாமாகச் சேர்ந்து 400 கிராம் அளவும் கொள்ளும். புதிய டிஎன்ஏ கட்டவும், செல்லைத் துருப்பிடிக்காமல் காக்கும் பொருளை உண்டாக்கவும் மூன்றாவதாக ஒரு பாதை.

கல்லீரலுக்கு ஒரு தனி உரிமை. குத்திய முத்திரையை அழிக்கும் நொதி அதனிடம் இருக்கிறது, சிறுநீரகத்திலும் உண்டு. இரவில் நாம் தூங்கும்போது அது பாஸ்பேட்டைக் கழற்றிச் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. மூளை அதைக் குடித்து விடியும்வரை ஓடுகிறது. தசையில் அந்த நொதி இல்லை. தசைக்குள் போன சர்க்கரை தசைக்கே. ஊருக்குத் திரும்பி வராது.

மதகும் கலிங்கும்

காஞ்சிபுரம் ஏரி மாவட்டம். ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மதகுக்கும் கலிங்குக்கும் வேறுபாடு சொல்லித்தர வேண்டாம். நீர் கொஞ்சமாக இருந்தாலும் மதகு வழியே வயலுக்குப் பாயும். ஏரி நிரம்பி வழியும் மட்டத்தைத் தொட்டால்தான் கலிங்கில் நீர் இறங்கும். வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரி கலிங்கு பாய்கிறது என்றால் மழை நன்றாகப் பெய்திருக்கிறது என்று பொருள்.

மனித உடலில் ஹெக்சோகைனேசின் முக்கிய வகைகள் நான்கு. மூளையிலும் சிவப்பணுக்களிலும் தசையிலும் இருப்பவை மதகு போன்றவை. குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே பாதி வேகத்துக்கு மேல் வேலை செய்யும். ஊர் பட்டினி கிடந்தாலும் மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேர்வது இதனால்தான். மூளை ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். அந்த மதகுகளுக்கு அடைப்பும் உண்டு. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் குவிந்துவிட்டால், அதுவே நொதியில் வந்து ஒட்டிக்கொண்டு 'போதும்' என்று நிறுத்திவிடும்.

நான்காவது வகைக்குக் குளுக்கோகைனேஸ் என்று பெயர். 465 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். கல்லீரலிலும் கணையத்தின் பீட்டா செல்களிலும் இருக்கிறது. இது கலிங்கு. பாதி வேகம் எடுக்கவே இதற்கு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிகிராம் வேண்டும். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் குவிந்தாலும் நிற்காது. சாப்பிட்டு முடித்ததும் குடலிலிருந்து வெள்ளமாக வரும் சர்க்கரையைக் கல்லீரல் வாரிச் சேமிப்பது இந்த நொதியால்தான்.

கணையத்தில் இதற்கு இன்னும் முக்கியமான வேலை. பீட்டா செல்லுக்கு இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று நேரடியாகத் தெரியாது. குளுக்கோகைனேஸ் எவ்வளவு வேகமாக முத்திரை குத்துகிறதோ, அவ்வளவு ஏடிபி உண்டாகிறது. அந்த ஏடிபியைப் பார்த்துத்தான் செல் இன்சுலினை விடுகிறது. நம் உண்ணாநிலைச் சர்க்கரை 90-ஐ ஒட்டி நிற்பதற்கு, இந்த நொதியின் வடிவம் ஒரு பெரிய காரணம்.

இந்த நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால், உண்ணாநிலைச் சர்க்கரை பிறந்ததிலிருந்து 100-க்கும் 145-க்கும் இடையே சற்று ஏறி நிற்கும். கலிங்கின் கல்லை ஓரடி உயர்த்தி வைத்தது போல. ஏரி அதற்கேற்ப உயர்ந்த மட்டத்தில் நிலைத்துவிடுகிறது. ஆனால் மேலும் மேலும் ஏறிக்கொண்டே போவதில்லை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பெரிய கேடு வருவது அரிது. கர்ப்ப காலம் தவிர பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. 1992-இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் முதலில் இந்த மரபணுவின் பங்கு தெரிந்தது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்தியர்களிடமும் இதைப் பதிவு செய்தது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் பழுது இல்லை. அவர்களுக்கு உணவும் நடையும் மருந்தும் கட்டாயம். ஆயினும், இளவயதிலிருந்தே சற்று உயர்ந்து அசையாமல் நிற்கும் சர்க்கரை, அப்பாவுக்கும் அப்படியே, பாட்டிக்கும் அப்படியே என்ற குடும்பத்தில் ஒரு மரபணுப் பரிசோதனை, வாழ்நாள் முழுக்க வேண்டாத மாத்திரையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றக்கூடும். ஒரு புரதத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதால் ஒரு குடும்பத்தின் பயம் குறையும் என்றால், அந்த அறிவு ஊருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டியதுதான்.

முத்திரை ஒளிரும் படம்

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருகிறது. புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் எழுதித்தரும் பெட் ஸ்கேன் என்ற பரிசோதனை, அடிப்படையில் ஹெக்சோகைனேசைப் படம் பிடிப்பதுதான்.

புற்றுக் கட்டிகள் சர்க்கரையை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கின்றன என்று 1920-களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அவை சர்க்கரையைப் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி விடுகின்றன. அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கப் பல கட்டிகளில் கதவுகளும் ஹெக்சோகைனேசும் பெருகியிருக்கும்.

இதை வேதியியலாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். குளுக்கோசின் இரண்டாவது கார்பனில் உள்ள கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கதிரியக்க ஃபுளூரினை வைத்தார்கள். கதவு இதைக் குளுக்கோஸ் என்றே எண்ணித் திறக்கும். ஹெக்சோகைனேசும் பிடித்து முத்திரை குத்திவிடும். ஆனால் பாதையின் அடுத்த நொதிக்கு அந்த இரண்டாவது கை வேண்டும். அது இல்லாததால் வேலை நின்றுவிடும். முன்னேயும் போக முடியாது, முத்திரை இருப்பதால் பின்னேயும் போக முடியாது. செல்லுக்குள் சிக்கி, ஒளிரும். 1976 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, பென்சில்வேனியாவில் முதல்முறையாக மனிதருக்குச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்த ஃபுளூரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரிப்பதும் கொண்டுசேர்ப்பதும் படமெடுப்பதும் கடிகாரத்தோடு போட்டி.

ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பிடாதீர்கள், ஊசி போட்ட பிறகு நடக்காமல் அமைதியாகப் படுத்திருங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது தெரியும். சாப்பிட்டால் உண்மையான குளுக்கோஸ் போட்டிக்கு வரும். இன்சுலின் சுரந்து தசைகள் கதவைத் திறக்கும். நடந்தாலும் தசைகள் இழுத்துக்கொள்ளும். படத்தில் கட்டிக்குப் பதில் கால் ஒளிரும். மூளையோ எப்போதும் ஒளிரும். அது நோய் இல்லை; மதகு ஓயாமல் பாய்வது.

ஏடிபியைப் பிரித்தெடுத்த சுப்பாராவின் கதையும் புற்றுநோயில் வந்து சேர்கிறது. பின்னாளில் அவர் லெடர்லி ஆய்வகத்துக்குப் போய், ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தினார். அந்த அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் அவர் குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மருத்துவம் பார்த்தார். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்ப் பிரிவுகளில் தரப்படுகிறது. 1948-இல், 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார். காசை அடையாளம் காட்டியவரே மருந்துக்கும் வழி செய்துவிட்டுப் போனார்.

கணக்கு எங்கே முடிகிறது

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாரிவேட்டைக்காகப் பழையசீவரம் வருவார். அந்த நாளில் பல ஊர்ப் பெருமாள்கள் திருமுக்கூடலில் கூடுவார்கள். ஆற்று மணல் தெரியாத கூட்டம். அப்படி ஒரு நாளில் பிரசாதத் தொன்னையோடு அந்தக் கல்வெட்டுச் சுவருக்கு எதிரே நின்றிருக்கிறேன். அரிசி நாழி என்ற எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் மூளை ஒவ்வொரு நொடியும் எண்ணிச் சொல்ல முடியாத அளவு குளுக்கோஸ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தது. அன்று காலை தின்ற சோறுதான் கல்லைப் படித்தது.

ஒன்பதரை நூற்றாண்டுக்கு முன் அந்த ஆதுலசாலையில் படுத்திருந்த பதினைந்து பேருக்கு ஹெக்சோகைனேஸ் என்ற சொல் தெரியாது. மருத்துவர் பட்டனுக்கும் தெரியாது. ஆனால் நோயாளிக்கு மருந்தோடு ஒரு நாழி அரிசியும் எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படுக்கையில் கிடந்தாலும் மூளை கேட்கும், சிவப்பணு கேட்கும், நெஞ்சு கேட்கும். சோறு வந்தவரை உள்ளங்கை திறந்து மூடிக்கொண்டே இருந்திருக்கும்.